முதலில் நிற்கட்டும்

நம் பக்கத்துப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால் அதற்கு முடிவு இராது என்பதை நன்கு அறிந்தவனாதலால், ஒலிபெருக்கியின் இரைச்சல், சிறப்பு விருந்தினரின் தாமதம், பரிசளிப்பின் நீளம் ஆகிய எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும், அவ்விரண்டுக்கும் இடையே கரிசலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கிற சிற்றூர்களிலும், குழந்தைகள் மேடையேறி ஆடுவது இன்று சகஜமாகிவிட்டது. மகிழ வேண்டிய காரியமே. ஆனால் ஜூன் மாதத்தில் நடன வகுப்பில் சேர்ந்த குழந்தை, ஜனவரி மாதத்து விழாவில் ஜரிகைப் பாவாடையும் உதட்டுச் சாயமுமாக ஒரு திரைப்படப் பாட்டுக்கு ஆடி, கைதட்டலும் பெற்று இறங்கும்போது, அக்குழந்தைக்குத் தன் இரண்டு பாதங்களையும் தரையில் எப்படி வைத்து நிற்பது என்பதை ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை என்பது, சற்றே கூர்ந்து பார்ப்பவர்க்குப் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. கைகள் எங்கெங்கோ பறக்கின்றன, முழங்கால்கள் உள்நோக்கி மடிகின்றன, முதுகு கூனுகிறது. நடனம் கற்பிப்பதாகச் சொல்லி ஆசிரியர் கற்பித்தது அந்த ஒரு பாட்டை மட்டுமே.

நிற்பதற்கு ஒரு பாடமா என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடை சொல்லப் புகும்போது நம் நாட்டு உதாரணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, முதலில் அயல்நாட்டு உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் பரதநாட்டியத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே நமக்குப் பக்தியும் பெருமையும் முந்திக்கொண்டு வந்து பார்வையை மறைத்துவிடுகின்றன. பாலே என்னும் ஐரோப்பிய நடனத்தில் அந்தத் தொல்லை இல்லை. இத்தாலியப் பிரபுக்களின் விருந்து மண்டபங்களில் பிறந்து, பிரான்சு தேசத்து அரசவையில் வளர்ந்து, ருஷ்யாவில் முதிர்ந்த அந்த ஆட்டமுறைக்குச் சாஸ்திரம் வகுத்த பெருமை பதினான்காம் லூயி மன்னனின் காலத்தைச் சாரும். 1653-இல் சூரியனாக வேடம் பூண்டு தானே மேடையேறி ஆடிய அம்மன்னன், 1661-இல் நடனத்துக்கென்றே ஓர் அரச கழகத்தையும் நிறுவினான். அவனுக்கு நடனம் பயிற்றிய பியேர் போஷாம் என்பவரோ, ஆடுவோனின் பாதங்கள் நிற்கத்தக்க நிலைகள் ஐந்து என்று வரையறுத்தார்.

அந்த ஐந்தையும் இங்கே சொல்லிவிடலாம். வாசகர் விரும்பினால் எழுந்து நின்று பரீட்சித்துப் பார்க்கலாம். முதல் நிலையில் இரண்டு குதிகால்களும் ஒன்றையொன்று தொட, விரல்கள் இருபுறமும் வெளிநோக்கி விரிந்திருக்கும். இரண்டாம் நிலையில் அதே விரிவுடன், குதிகால்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு பாத நீளம் இடைவெளி. மூன்றாம் நிலையில் முன்னங்காலின் குதிகால் பின்னங்காலின் நடுப்பாதத்தில் வந்து பொருந்தும். நான்காம் நிலையில் ஒரு பாதம் மற்றொன்றுக்கு முன்னே ஒரு பாத நீளம் தள்ளி நிற்கும். ஐந்தாம் நிலையில் இரு பாதங்களும் ஒட்டி நின்று, ஒன்றின் குதிகால் மற்றொன்றின் விரல்நுனியைத் தொடும். பார்ப்பதற்கு எளிது, நிற்பதற்கு மிகக் கடினம் என்பதை வாசகர் இந்நேரம் உணர்ந்திருப்பார். இத்தனையிலும் எடை பாதம் முழுவதிலும் பரவியிருக்க வேண்டும். பெருவிரல் பக்கம் சரியலாகாது. இடுப்பு பின்னே தள்ளாமலும் விலா முன்னே துருத்தாமலும் தலை முதுகெலும்பின்மேல் நேரே அமர்ந்திருக்க வேண்டும். மேடையில் பேரும் புகழும் பெற்ற நர்த்தகியும் தினந்தோறும் காலையில் மரக்கம்பி ஒன்றைக் கையால் பற்றிக்கொண்டு, ஐந்து வயதில் கற்ற அதே நிலைகளிலிருந்தே தன் அப்பியாசத்தைத் தொடங்குகிறாள். முழங்கால்களை மெல்ல மடக்கித் தாழ்ந்து எழுவதற்குப் பிளியே என்று பெயர். அதுவே அங்கே நாள்தோறும் முதற் பாடம்.

கைகளுக்கும் நிலைகள் உண்டு. தோள்கள் உயராமல், முழங்கை தொய்யாமல், விரல்நுனி வரை ஒரே வளைவாக, கைகள் வயிற்றுக்கு முன்னே வட்டமிட்டு நிற்பதும், இருபுறமும் விரிவதும், தலைக்கு மேலே எழுவதும் அவற்றுள் பிரதானமானவை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பாத நிலைகளின் எண்ணிக்கையில் ஒற்றுமைப்பட்ட ஐரோப்பியர், கை நிலைகளின் எண்ணிக்கையில் இன்றளவும் ஒற்றுமைப்படவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வளைத்து உயர்த்தும் நிலையை இத்தாலியராகிய என்ரிக்கோ செக்கெத்தியின் மரபு ஐந்தாவது என்கிறது. ருஷ்ய மரபு மூன்றாவது என்கிறது. அந்த ருஷ்ய மரபைத் தொகுத்து 1934-இல் நூலாக்கிய அக்ரிப்பினா வாகனோவா பிறந்தது 1879-இல். திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்ததும் அதே ஆண்டில். இதற்கு ஒரு விசேஷார்த்தமும் இல்லை. ஆண்டுக் கணக்கு நினைவில் நிற்பதற்காகச் சொன்னேன்.

பாதத்தை ஏன் வெளிநோக்கித் திருப்ப வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அரசனுக்குப் புறங்காட்டாமல் அவையில் பக்கவாட்டில் நகர வேண்டியிருந்த பிரபுக்களுக்கும், முகம் சபையை நோக்கியிருக்க உடல் எப்பக்கமும் பாய வேண்டியிருந்த ஆட்டக்காரர்களுக்கும் அந்தத் திருப்பம் உபயோகமாயிற்று. தொடை வெளிநோக்கித் திரும்பியிருந்தால் கால் பக்கவாட்டில் உயர எழும் என்ற சரீர நியதியும் அதற்குத் துணை செய்தது. இந்தக் காரணங்களை அறிந்துகொண்டு நம் பரதநாட்டியத்துக்குத் திரும்பினால், அங்கே அரைமண்டி நம்மை எதிர்கொள்கிறது. குதிகால்கள் நெருங்கி, பாதங்கள் விரிந்து, முழங்கால்கள் இருபுறமும் மடிந்து, உடல் நேராகத் தாழ்ந்திருக்கும் அந்த நிலைக்கும் மேற்சொன்ன பிளியேவுக்கும் உள்ள ஒற்றுமை, சிறு குழந்தைக்கும் தெரியும். ஆயினும் இரண்டின் உள்நோக்கமும் வேறு. பாலேயில் தாழ்வது எழும்புவதற்காக. தாழ்ந்த உடல் அடுத்த கணம் மேல்நோக்கிப் பாய்ந்துவிடும். பரதத்திலோ தாழ்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு, அந்தத் தாழ்வை இம்மியும் விட்டுக்கொடுக்காமல், முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று வேகத்தை ஏற்றிப் பூமியைத் தட்டவேண்டும். தட்டுமனையின்மேல் நட்டுவனாரின் தட்டுக்கழி விழ விழ, தட்டடவின் முதற் சொற்கட்டுக்கே தொடை நடுங்கத் தொடங்குவதையும், நடுக்கத்தை மறைக்கக் குழந்தை மெல்ல மெல்ல உயர்ந்துவிடுவதையும், ஆசிரியர் கண்ணாலேயே அதைத் திரும்பத் தாழ்த்துவதையும் நல்ல வகுப்பு ஒன்றில் சிறிது நேரம் இருந்தாலே பார்க்கலாம்.

இவ்விரு மரபுகளும் ஒரே சரீரத்தில் சந்தித்த வரலாறு நம் பாண்டிநாட்டோடு தொடர்புடையது என்பதால் அதைச் சற்றே விரித்துச் சொல்வது தகும். மதுரையில் 1904-ஆம் ஆண்டில் பிறந்த ருக்மிணி தேவி, 1928-இல் பம்பாயில் ருஷ்ய நர்த்தகியான அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைக் கண்டார். பிறகு ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் இருவரும் உடன் பயணம் செய்ய நேர்ந்தபோது வளர்ந்த சிநேகத்தின் பயனாக, பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பவரிடம் பாலேயின் பாடங்களைக் கற்கத் தொடங்கினார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று பாவ்லோவா தூண்டியதன் பேரிலேயே அவர் பரதநாட்டியத்தின் பழைய வடிவமாகிய சதிரின் பக்கம் திரும்பினார் என்பது பிரசித்தமான செய்தி. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935-இல் அடையாற்றில் அரங்கேறி, 1936-இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். இந்த வரலாற்றில் எல்லாரும் பாவ்லோவாவின் உபதேசத்தைப் போற்றுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு: முப்பதை ஒட்டிய வயதில், சமூகத்தில் உயர்ந்த ஸ்தானத்தில் இருந்த ஒரு பெண்மணி, இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு சாஸ்திரங்களில், ஒரு குழந்தையைப் போல் பாதம் வைப்பதிலிருந்து தொடங்கினார் என்பதுதான்.

கலாக்ஷேத்திரத்து மாணவிகளின் நீட்டிய கையில் தெரியும் கோட்டுத் தெளிவுக்கும், வரிசை வரிசையாக நின்று ஒரே சமயத்தில் அடவு செய்யும் முறைக்கும் பாலேயின் வாடை உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது குறையென்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நம்மிடம் ஒழுங்கு இல்லாதிருந்து அயலாரிடம் கடன் வாங்கினோம் என்று யாரேனும் அதற்குப் பொருள் செய்தால் அது பெரும் பிழையாகும். தஞ்சை நால்வர் என்று நாம் போற்றும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அடவுகளையும் கச்சேரி முறையையும் ஒழுங்குபடுத்திவிட்டனர். கோயிலையும் அரசவையையும் சார்ந்த இசை வேளாளர் குடும்பங்களே அவ்வொழுங்கைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தன. அக்குடும்பங்களின் பெண்கள் பிற்காலத்தில் மேடையை இழந்ததும், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்த வாழ்க்கை முறையே முடிந்துபோனதும், அவர்களுடைய சொத்து மற்றவர்களின் கைக்கு வந்ததும் தனியே எழுதவேண்டிய வரலாறு. அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி ருக்மிணி தேவியின் சீர்திருத்தங்களை ஏற்காதவர். சிருங்காரத்தைப் பற்றியும், அபிநயத்தைப் பற்றியும், நடனம் யாருக்குரியது என்பதைப் பற்றியும் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் குழந்தையை முதலில் பாடம் பாடமாக நிற்கவைக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் இடையே ஒரு வாதமும் எழுந்ததில்லை.

நம் புன்செய்க் காட்டில் இந்தப் பெரிய பெயர்களுக்கெல்லாம் என்ன வேலை என்று வாசகர் நினைக்கலாம். பெயர்களை விட்டுவிட்டுக் காரியத்தைப் பார்த்தால், இந்தக் காட்டிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கண்மாய்க் கரையில், கோடைச் சாயங்காலம், சிலம்பம் கற்பிக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். வெடித்துக் கிடந்த கரிசலை மண்வெட்டியால் சமன் செய்து, குச்சியால் அதில் கோடு கீறி, கோட்டின்மேல் ஒரு பையனின் பாதத்தை வைத்து, குனிந்து தம் கையாலேயே அவன் குதிகாலைப் பற்றித் திருப்பி வைத்தார். நிமிர்ந்து சற்றுத் தள்ளிப் போய் நின்று பார்த்தார், திருப்தியில்லை, திரும்ப வந்து இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தினார். பையன் கரையோரம் சாத்தியிருந்த கம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்பத் தாத்தா கம்பு தருவீக?" என்றான். "கம்பு எங்கிட்டும் ஓடிராது. காலு நிக்கட்டும்" என்றார் அவர். பிறகு அவன் தோளில் ஒரு விரலை வைத்து லேசாகத் தள்ளினார். பையன் தடுமாறினான். ஒன்றும் சொல்லாமல் மறுபடி குனிந்து குதிகாலைப் பிடித்தார்.

சிலம்பத்தில் காலடி வைப்பே பாதிக் கல்வி என்பது நம்மவர் யாவரும் அறிந்தது. (1977-இல் இந்த அருப்புக்கோட்டைத் தொகுதி சட்டமன்றத்துக்கு அனுப்பிய எம்.ஜி.ஆர். திரையில் கம்பு சுற்றியபோது கம்பைப் பார்த்துக் கைதட்டியவர்கள், அவருடைய காலைப் பார்த்திருந்தால் இன்னும் அதிகமாகக் கைதட்டியிருப்பார்கள்.) பரத சாஸ்திரத்தில் ஆலீடம், பிரத்தியாலீடம் என்று சொல்லப்படும் நிலைகளும் வில்லாளியின் நிலைகளே, போர்க்களத்தில் உயிர் காத்த நிற்றல் முறை அரங்கத்துக்கு வந்து அழகாயிற்று. ராஜகம்பள நாயக்கர்கள் ஆடும் தேவராட்டத்திலும் ஆண்மக்கள் கைக்குட்டையும் சலங்கையுமாக, தேவதுந்துபியின் அடிக்கு அடி மாறாமல் கால் வைப்பதைப் பார்ப்பவர், ஆண்பிள்ளைக்கு ஆட்டம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கமாட்டார். அவ்வாட்டத்தில் சிறுவன் பெரியவர்களின் வரிசைக்குக் கடைசியில் நின்று, முன்னே போகும் காலைப் பார்த்துத் தன் காலை வைக்கிறான். அதற்கு எண்ணும் இல்லை, பிரெஞ்சுப் பெயரும் இல்லை. ஆனால் அதுவும் படிமுறையே. நெசவுத் தெருக்களில் குழித்தறியில் அமர்ந்த பிள்ளைக்கு நாடா ஓட்டக் கொடுப்பதற்கு முன்பு மிதிகட்டையில் கால் பழக்குவது போலத்தான் இதுவும். கால் பழகாத கையில் நாடாவைக் கொடுத்தால் பாவு அறுந்துபோகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் நிலைகளைக் கற்பிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதைப் பார்த்து, நாளைக்கே ஓர் ஆசிரியர் பிரம்பும் கையுமாகக் குழந்தைகளின் பாதங்களை ஒரே நேர்க்கோட்டில் திருப்ப முற்படக் கூடும். பாதத்தின் திருப்பம் பாதத்தில் பிறப்பதன்று; இடுப்பு மூட்டில் பிறப்பது. தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியில் அமர்ந்திருக்கும் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரு குழந்தைக்கு இயல்பாக வரும் விரிவு மற்றொரு குழந்தைக்கு எத்தனை ஆண்டுகள் பழகினாலும் வராது. இடுப்பு தராத திருப்பத்தைத் தரையின் உராய்வைக் கொண்டு பாதத்தில் வலிந்து உண்டாக்கினால், முழங்கால் முறுக்கேறி, பாதத்தின் வளைவு உட்புறம் சரிந்து, ஆட்டம் வருவதற்கு முன்பு நோவு வந்துவிடும். முழங்கால் மடியும்போது அது பாத விரல்களுக்கு நேரே போகிறதா என்று பார்ப்பதே ஆசிரியரின் முதற் கடமை. போகவில்லையென்றால் பாதத்தின் விரிவைக் குறைக்க வேண்டும். அரைமண்டிக்கும் இதே விதிதான்.

நுனிக்காலில் நிற்கும் ஆசை மற்றோர் ஆபத்து. கைப்பேசித் திரையில் பாலே நர்த்தகியைக் கண்ட சிறுமிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு கால் விரல்நுனியில் நின்று பார்ப்பது இயற்கையே. அந்த நர்த்தகி அணிந்திருக்கும் பாதணியின் முனை துணியும் பசையும் அடுக்கடுக்காக இறுகச் செய்யப்பட்டது என்பதும், பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன்பு, அதுவும் சில ஆண்டுகள் சாதாரண நிலைகளில் கால் உரம் பெறுவதற்கு முன்பு, பொறுப்புள்ள ஆசிரியர் எவரும் அதை அணிய விடமாட்டார் என்பதும் திரையில் தெரிவதில்லை. தாய்மார்கள் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கண்டிப்புக்கு இடையே குழந்தையின் குதூகலம் எங்கே போகும் என்பது நல்ல மனம் படைத்தவர்களின் ஆட்சேபம். வீட்டு முற்றத்தில், திருவிழாக் கூட்டத்தில், மழை பெய்த அன்று தெருவில், குழந்தை தன்னிச்சையாக ஆடட்டும்; அந்த ஆட்டத்துக்கு ஆசிரியரும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம், அதைத் திருத்தவும் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்க உட்கார்ந்தவரிடம் மட்டுமே நான் கண்டிப்பைக் கேட்கிறேன். அதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று உண்டு. மில்லிலும் தறியிலும் பூக்காட்டிலும் கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் தகப்பன், இந்தக் கால் வைப்பு என் மகளுக்குச் சோறு போடுமா என்று கேட்டால், போடாது என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பத்தாயிரம் குழந்தைகள் கற்றால் ஒருத்தி நர்த்தகி ஆகலாம், ஆகாமலும் போகலாம். அப்படியானால் எதற்காக?

அதற்கு விடை மதுரைப் புராணத்திலேயே இருக்கிறது. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில், கால் மாறி ஆடிய கதையை நம்மில் பலர் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அறுபத்துநான்கு கலைகளில் நடனம் ஒன்றை மட்டும், அது வெள்ளியம்பலத்து இறைவனுக்கே உரியது என்று கருதிக் கல்லாமல் விட்டிருந்த இராசசேகர பாண்டியன், கரிகாற் சோழனுக்கு அக்கலையும் வரும் என்று ஒரு புலவன் சபையில் சொல்லக் கேட்டு, தானும் கற்கத் தொடங்குகிறான். கற்றபோது உடம்பெல்லாம் நொந்தது. அந்த நோவோடு வெள்ளியம்பலத்துக்கு வந்து நிற்கிறான். அதுவரை நாள்தோறும் கண்டு வணங்கிய அதே கூத்தப்பிரானின் திருவுருவம் இப்போது வேறாகத் தெரிகிறது. ஊழிக்காலமாக ஒரே காலில் நிற்கிறாரே, அந்தக் கால் என்ன பாடுபடும் என்று நெஞ்சு பதைத்து, கால் மாற்றி ஆடியருள வேண்டும், இல்லையேல் வாளில் விழுந்து உயிர்விடுவேன் என்று மன்றாடுகிறான். இறைவனும் இடக்காலை ஊன்றி வலக்காலை எடுத்து ஆடினார். மற்றத் தலங்களில் இடக்கால் தூக்கியிருக்க, மதுரையில் மட்டும் வலக்கால் தூக்கியிருப்பதைக் கோயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் காணலாம்.

பாண்டியன் பெரிய நர்த்தகனாகிவிடவில்லை. புராணமும் அப்படிச் சொல்லவில்லை. கற்றுக்குட்டியாக இருந்தபோதே அவனுக்குக் கண் திறந்துவிட்டது. எடுத்த பாதத்தின் அழகையே எல்லாரும் பார்க்க, அவன் ஒருவனுக்கு மட்டும் ஊன்றிய பாதம் தெரிந்தது. அடுத்த முறை எந்தக் கோயிலிலாவது நடராஜரைக் காணும் வாசகர், முயலகனின் முதுகில் ஊன்றிய காலைச் சிறிது நேரம் நின்று பார்க்கட்டும்: அது விறைத்து நிற்பதில்லை, முழங்கால் மடிந்து, வெளிநோக்கித் திரும்பி, முழு உடலின் எடையையும் வாங்கிக்கொண்டு, பாதி மண்டியாகத் தாழ்ந்திருக்கிறது. சிற்பி அதை ஆட்டம் அறிந்தவனாக நின்று செய்திருக்கிறான். திருச்சுழியில் ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜர் வீதியுலா வருவதைத் தலைமுறை தலைமுறையாகத் தரிசித்து வருகிறோம். 1879 டிசம்பர் 30-ஆம் நாள் பின்னிரவில் அவ்வூரில் ரமணர் பிறந்ததும் உலா முடிந்து சுவாமி கோயிலுக்குத் திரும்பும் வேளையில்தான் என்று அவர் வரலாறு எழுதியோர் குறிக்கிறார்கள். ஒரே ஓர் ஆண்டு அரைமண்டியில் நின்று தொடை நடுங்கிய குழந்தை, பின்னர் நடனத்தை விட்டுவிட்டு நர்ஸாகவோ கணக்கராகவோ ஆனாலும், அந்த உலாவில் அந்தத் திருமேனியைப் பார்க்கும்போது நம்மில் பெரும்பாலோர் காணாததைக் காண்பாள். மார்கழிக் கச்சேரியையும், தேவராட்டத்தையும், தொலைக்காட்சியில் வரும் பாலேயையும் அவளால் அந்தக் கண்ணோடு பார்க்க முடியும். நல்ல சபை இல்லாத ஊரில் நல்ல ஆட்டமும் நிலைக்காது என்று நினைக்கும் எனக்கு, நூறு நர்த்தகிகளைவிட இப்படிப்பட்ட ஆயிரம் பார்வையாளர்கள் இந்த வறண்ட தாலுகாக்களுக்குத் தேவை என்று தோன்றுகிறது.

ஆகவே நான் கேட்பவை மிகச் சாமானியமானவை. முதலாண்டில் எந்தக் குழந்தையையும் மேடையேற்றாதிருக்கத் தனியார் வகுப்புகள் உறுதி கொள்ளலாம். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற பிறகே பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அந்த ஏழில் ஒன்றையாவது நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாதா? பெற்றோர் அவசரப்படுவார்கள் என்பது ஆசிரியர்கள் சொல்லும் சமாதானம். அதற்கும் வழி உண்டு: விழா நாளன்று பாட்டுக்குப் பதிலாக, குழந்தைகள் தாங்கள் கற்ற நிலைகளையே வரிசையாக நின்று தாளத்தோடு செய்து காட்டட்டும். தட்டடவு மூன்று காலத்திலும் பிசகாமல் விழுந்தால் அதைப் பார்த்து அலுப்படையும் பெற்றோர் எவரையும் நான் அறியேன். அரசுப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கலைத் திருவிழா ஏழைப் பிள்ளைகளுக்கு மேடையைத் திறந்துவிட்ட நல்ல ஏற்பாடு. ஆனால் போட்டிக்கு முந்திய சில வாரங்களில் ஒரு பாட்டைப் பழக்கி அனுப்புவதோடு நில்லாமல், ஆண்டு முழுவதும் வாரம் ஒரு மணி நேரமாவது கால் பழக்கும் பாடம் இருந்தால்தான் அந்த மேடைக்குப் பயன் உண்டு.

அதைக் கற்பிக்க ஆள் எங்கே என்று கேட்கக் கூடாது. விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. பரதநாட்டியமும் அங்கே பாடமாக உண்டு. ஆனால் திருச்சுழிக்குக் கிழக்கே உள்ள ஒரு கிராமத்துச் சிறுமி தினந்தோறும் பேருந்து மாறி அங்கே போய்வர வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள். வாரம் இரண்டு நாள் ஆசிரியரே அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் வந்து போக வழி செய்தால் என்ன? கூடவே, தேவராட்டம் அறிந்த முதியவர்களையும், நான் கண்மாய்க் கரையில் கண்டது போன்ற சிலம்ப ஆசான்களையும், சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் வாசலில் நிறுத்தாமல், நாட்டிய ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே ஊதியத்தில் பள்ளிக்குள் அழைக்க வேண்டும். குதிகாலை ஒரு விரற்கடை நகர்த்தத் தெரிந்த கண் எந்தப் பட்டயத்துக்கும் குறைந்ததன்று.

கடைசியாகத் தரை. ஐரோப்பியர் பாலேக்குச் சிமெண்டுத் தரையை ஏற்பதில்லை. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, இடையே காற்றிருக்கும்படி அவற்றின்மேல் பலகை அடித்து, குதிக்கும் காலுக்குத் தரை சற்றே இடம் கொடுக்கும்படி அமைக்கிறார்கள். நம் இளங்கோவடிகளும் அரங்கத்துக்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்லி, கோலுக்கு மூங்கில் எந்த மலையிலிருந்து வரவேண்டும் என்பது வரை கவலைப்பட்டிருக்கிறார். நாமோ, சிமெண்டுத் தளத்தின்மேல் ஜமுக்காளத்தை விரித்து, அதன்மேல் ஏழு வயதுக் குழந்தையைத் தட்டச் சொல்கிறோம். தேவராட்டமும் சிலம்பமும் மண்ணில் நடப்பதால் அந்தப் பிள்ளைகளின் முழங்கால் பிழைத்தது. பள்ளிக்கு ஓர் அறையில், இருபது குழந்தைகள் கை நீட்டி நிற்கும் அளவுக்குப் பலகைத் தளம் போட என்ன செலவாகும் என்பதை உள்ளூர் மரக்கடையில் விசாரித்து, அந்தத் தொகையைச் சென்ற ஆண்டு விழாவின் பந்தலுக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் கொடுத்த தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி பள்ளித் தாளாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.